விட்பிக்குப் போவதென்றால் முதலில் ஓத நேரத்தைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: ஜூலையில் லண்டனில் மகள் வீட்டுக்கு வருகிறீர்கள். நீங்களும் சாரும் மட்டும், கூட்டமில்லாத ஒரு பழைய கடலோர ஊருக்குப் போய்வர ஆசை. யாரோ இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் யார்க்‌ஷரில் உள்ள விட்பி என்று சொல்லியிருக்கிறார்கள். கார் கிடையாது, நீங்கள் சைவம், சாருக்கு முழங்கால் வலி. போகலாமா, ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரே நாளில் வேண்டாம். கூட்டமில்லாத ஊர் என்று சொன்னவர் ஜனவரியில் போயிருப்பார். ஜூலையில், அதுவும் சனி ஞாயிறில், விட்பியின் சர்ச் தெருவில் நடப்பது திருவிழா அன்று தேரடி வீதியில் நடப்பது போலத்தான். அதற்காக ஊரை ஒதுக்க வேண்டியதில்லை. வாரநாளில் போய் இரண்டு இரவு தங்குங்கள். காலை பத்தரைக்கு வந்து இறங்கும் கூட்டம் மாலை ஐந்துக்கெல்லாம் கிளம்பிவிடும். அதற்கு அப்புறம் கல் பாவிய அந்தச் சந்துகளில் உங்கள் செருப்புச் சத்தமும் கடற்பறவைகளின் கத்தலும்தான் மிச்சம் இருக்கும்.

நான் லீட்ஸில் குடியிருக்கிறேன். விட்பிக்குப் பல தடவை போயிருக்கிறேன், ஊரிலிருந்து வந்த உறவினர்களை அழைத்துக்கொண்டு போனதே பாதி. அப்படிப் போய்க் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம், அந்த ஊரில் எல்லாவற்றையும் ஓதம்தான், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவதுதான், தீர்மானிக்கிறது என்பது. நம் கடற்கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர் வித்தியாசம் இருந்தாலே அதிகம். அதனால் கடல் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம் கண் பழகிவிட்டது. விட்பியில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஐந்து மீட்டர் அளவுக்குத் தண்ணீர் ஏறி இறங்கும். காலையில் படகுகள் மிதந்துகொண்டிருந்த இடத்தில் மத்தியானம் அவை சேற்றில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகையால் எந்த நாளில் எதைப் பார்ப்பது என்று எழுதுவதற்கு முன் அந்தத் தேதியின் ஏற்ற வற்ற நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், எஸ்க் என்ற சின்ன ஆறு ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு கடலில் விழுகிறது. கிழக்குக் கரையில் பழைய ஊர், அதன் தலைமேல் குன்றில் தேவாலயமும் மடத்தின் இடிபாடும். மேற்குக் கரையில் ரயில் நிலையம், பஸ் நிலையம், மீன் துறை, மேலே விடுதிகள். இரண்டையும் நடுவில் சேர்ப்பது 1908இல் கட்டிய சுழல் பாலம் ஒன்று. ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம், அரை மணிக்கு ஒரு தரம், படகு காத்திருந்தால் மணியடித்துப் பாலத்தைத் திறந்துவிடுவார்கள். பாலம் இரண்டாகப் பிரிந்து ஒதுங்க, பாய்மரங்கள் நடுவில் போவது பார்க்க அழகுதான். கடைசி பஸ்ஸைப் பிடிக்க எதிர்க்கரையில் நின்றுகொண்டு பார்த்தால் அவ்வளவு அழகாக இருக்காது. என் மாமியாரோடு அப்படி ஒரு நாள் நின்றேன். பஸ் போய்விட்டது. அன்று வாடகைக் காருக்குக் கொடுத்த பணத்தை அவர் இன்றும் ரூபாய்க் கணக்கில் சொல்லிக்காட்டுவார்.

போகும் வழி: லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க்குக்கு ரயிலில் இரண்டு மணி நேரம் சொச்சம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் மலிவு. யார்க்கிலிருந்து விட்பிக்கு நேரடி ரயில் இல்லை. மிடில்ஸ்பரோ போய் மாறி, எஸ்க் பள்ளத்தாக்கு வழியாக ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து போகலாம். அழகான பாதை, ஆனால் நாளைக்குச் சில வண்டிகள்தான். நான் உங்களுக்குச் சொல்வது 840ஆம் எண் பஸ். யார்க்கிலிருந்து மால்டன், பிக்கரிங் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாடி பஸ். மேலே முன் சீட்டில் உட்கார்ந்தால், ஆள் அரவமே இல்லாத மூர்லாண்ட் மேட்டுநிலத்தைக் கடந்து, ஒரு திருப்பத்தில் திடீரென்று கடலும் குன்றின்மேல் அந்த எலும்புக்கூடு மாதிரியான மடமும் தெரியும். ஜூலை கடைசியில் ஹெதர் என்ற செடி பூக்கத் தொடங்கி மேடெல்லாம் ஊதாவாகும், முழுப் பூப்பு ஆகஸ்டில். ரயில் பிரியர் என்றால் பிக்கரிங்கிலிருந்து நீராவி ரயிலும் உண்டு. 1836இல் ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் போட்டுக் கொடுத்த பாதை அது. ஆரம்பத்தில் குதிரைகள்தான் பெட்டிகளை இழுத்தன.

தங்குவதற்குப் பழைய ஊரில் சின்னச் சின்ன வீடுகள் கிடைக்கும். படத்தில் பார்த்தால் மயங்கிவிடுவீர்கள். வேண்டாம். மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும், சாரால் முடியாது. மேற்குக் குன்றின்மேல் விக்டோரியா காலத்து வீடுகளை விடுதியாக நடத்துகிறார்கள், அங்கே எடுங்கள். மேலே தரை சமம். கடலைப் பார்த்தபடி பெஞ்சுகள். தரைத்தள அறை வேண்டும் என்று முன்பே கேட்டுவிடுங்கள், லிஃப்ட் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பஸ் நிலையத்திலிருந்து அங்கே போக டாக்ஸி பிடித்துக்கொள்ளுங்கள், ஏற்றம் கடுமை.

உள்ளூர்க்காரர்கள் இந்த விடுமுறை வீடுகளால் நொந்துபோயிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் தெருவுக்குத் தெரு விளக்கில்லாத வீடுகள். 2022 ஜூனில், புதிதாகக் கட்டும் வீடுகளை அங்கேயே நிரந்தரமாக வசிப்பவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 2,111, எதிராக 157. சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனாலும் ஊரின் மனசு தெரிந்தது. ஊர்க்காரர்களே நடத்தும் விடுதியில் தங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, குன்றுக்கு வருவோம். பழைய ஊரிலிருந்து மேலே போக 199 கல் படிகள். எல்லாரும் எண்ணிக்கொண்டே ஏறுவார்கள், இரண்டு பேருக்கு ஒரே எண் வராது. என் அம்மா 198 என்றார், அப்பா 201. நடுவில் அகலமான மேடைகள் வரும், அவற்றில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஏறியவர்கள் இறக்கி வைத்து மூச்சு வாங்கப் போட்ட மேடைகள் அவை. சாருக்கு இந்தப் படி வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்கு எமன். ஆகவே டாக்ஸியில் மேலே போய், மடத்தையும் தேவாலயத்தையும் பார்த்துவிட்டு, டாக்ஸியிலேயே இறங்குங்கள். மேலே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், நடை அதிகமில்லை. நீங்கள் வேண்டுமானால் படி வழியாக இறங்கி வாருங்கள். துறைமுகமும் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் காலடியில் விரிவதை அங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

மடத்தில் இன்று நிற்பது கூரையில்லாத சுவர்கள்தான். உள்ளே போகக் கட்டணம் உண்டு. வெறும் கல்லைப் பார்க்க இவ்வளவா என்று தோன்றும், கதை தெரிந்தால் தோன்றாது. 657இல் ஹில்ட் என்ற பெண்துறவி இங்கே மடம் அமைத்தார். ஆண்களும் பெண்களும் இருந்த மடம், தலைமை அந்த அம்மாளிடம். 664இல் இங்கே ஒரு பெரிய சபை கூடியது. எதற்கு? ஈஸ்டர் என்றைக்கு என்று தீர்மானிக்க. அயர்லாந்து வழி வந்த துறவிகளுக்கு ஒரு கணக்கு, ரோமுக்கு ஒரு கணக்கு. மன்னர் ஆஸ்வியு ஒரு கணக்கைப் பின்பற்ற, ராணி வேறு கணக்கைப் பின்பற்ற, அரண்மனையில் ஒருவர் விருந்து சாப்பிடும்போது மற்றவர் விரதம். நம் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் சண்டை ஒரே வீட்டுக்குள் நடந்தால் எப்படியோ அப்படி. மன்னர் ரோம் பக்கம் சாய்ந்தார். அதோடு இங்கிலாந்துத் திருச்சபையின் போக்கே ரோமை நோக்கித் திரும்பியது.

அதே மடத்தில் கேட்மன் என்று ஒரு மாட்டுக்காரர். விருந்தில் யாழ் கைமாறி வந்து தன் முறை நெருங்கினால், பாடத் தெரியாத கூச்சத்தில் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவாராம். ஓர் இரவு கனவில் யாரோ வந்து பாடச் சொல்ல, பாடினாராம். மடைப்பள்ளியில் இருந்த காளமேகத்துக்கு அம்பாள் தாம்பூலம் உமிழ்ந்து கவி வந்த கதை நினைவுக்கு வருகிறதல்லவா? கேட்மன்தான் பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர். அவர் பாட்டில் ஒன்பது வரி மிஞ்சியிருக்கிறது. தேவாலய முற்றத்தில் 1898இல் அவருக்கு நட்ட கற்சிலுவை நிற்கிறது, படியேறி வந்ததும் கண்ணில் படும்.

ஹில்ட் கட்டிய மடத்தை வைக்கிங்குகள் வந்த காலத்தில் இழந்தார்கள். இப்போது நிற்பது பிற்காலத்தில் கட்டியது. அதையும் எட்டாம் ஹென்றி 1539இல் மூடவைத்தார். அப்புறம் காற்றும் மழையும் பார்த்துக்கொண்டன. நடுக்கோபுரம் 1830இல் விழுந்தது. 1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஊரைச் சுட்டபோது மேற்குச் சுவரிலும் குண்டு பட்டது. அந்தக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை: ஜூலையிலும் மேலே சால்வை போதாது, காற்றுப் புகாத கோட்டு வேண்டும். குடை கொண்டு போனால் குடைதான் உங்களைக் கொண்டு போகும்.

மடத்தை அவசரத்தில் விட்டாலும் பக்கத்திலுள்ள செயின்ட் மேரி தேவாலயத்தை விடாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் குட்டையாக, ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். உள்ளே போனால் ஏதோ பழைய கப்பலின் வயிற்றுக்குள் வந்துவிட்டது போல இருக்கும். உட்காருவதற்குப் பெஞ்சு கிடையாது. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மரத்தடுப்பு வைத்து, கதவு போட்ட பெட்டிகள். கதவைச் சாத்திக்கொண்டு குடும்பத்தோடு உள்ளே உட்கார்ந்து பிரசங்கம் கேட்டிருக்கிறார்கள். குளிருக்கு அது அடக்கம். நடுவில் கரி அடுப்பு ஒன்று, அதன் புகைக்குழாய் நேராகக் கூரைக்குப் போகிறது. பக்கத்தில் மூன்றடுக்குப் பிரசங்க மேடை. அதன் பின்புறத்தை உற்றுப் பாருங்கள், இரண்டு ஊதுகுழல் போன்ற குழாய்கள் தொங்கும். பாதிரியாரின் மனைவிக்குக் காது மந்தம், அவர் கேட்பதற்காக வைத்தது. சில பெட்டிகளின் கதவில் "வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்" என்று ஆங்கிலத்தில் பெயின்டில் எழுதியிருக்கும். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் எனக்கென்றே எழுதிவைத்த இருக்கையை அங்கேதான் பார்த்தேன். நிம்மதியாகப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இங்கே டிராகுலாவின் கல்லறை எங்கே என்று கேட்காதீர்கள். அப்படி ஒன்று இல்லை, வருகிறவர்கள் கேட்டுக் கேட்டுத் தேவாலயத்துக்காரர்களுக்கு அலுத்துவிட்டது. டிராகுலா நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் 1890இல் விட்பியில் தங்கியது உண்மை. ஊர் நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில்தான் அந்தப் பெயரைக் கண்டார். 1885இல் திமித்ரி என்ற ரஷ்யக் கப்பல் இங்குள்ள டேட் ஹில் மணலில் கரைதட்டியது, அதை நாவலில் வேறு பெயரில் சேர்த்துக்கொண்டார். இதற்கு மேல் நடப்பதெல்லாம் வியாபாரம். டிராகுலா பெயரில் காசு கேட்கும் எதற்குள்ளும் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கறுப்பு உடையும் வெள்ளைப் பூச்சுமாக ஆட்கள் கூடும் காத் வார இறுதிகளில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, ஆனால் அவை பெரும்பாலும் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும்தான்.

கீழே கிரேப் லேனில் ஒரு வீடு இருக்கிறது. 1746இல் ஜேம்ஸ் குக் என்ற பையன் ஜான் வாக்கர் என்ற கப்பல் முதலாளியிடம் தொழில் பழகச் சேர்ந்தான். இந்த வீடு வாக்கர் குடும்பத்தினுடையது. இப்போது குக் அருங்காட்சியகம். வாக்கரின் கப்பல்கள் லண்டனுக்கு நிலக்கரி ஏற்றியவை. இங்கேதான் நான் முதலில் சொன்ன ஓதம் திரும்ப வருகிறது. துறை வற்றும்போது கப்பல் கவிழாமல் தரையில் உட்கார வேண்டும், அதனால் விட்பித் தச்சர்கள் அடி தட்டையாக, வயிறு அகலமாகக் கட்டினார்கள். அப்படி 1764இல் கட்டிய நிலக்கரிக் கப்பல்தான் பிறகு கடற்படை வாங்கிப் பெயர் மாற்றி, குக் உலகைச் சுற்றப் போன எண்டவர். 1770இல் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் மோதி ஓட்டை விழுந்தபோது, ஆற்று முகத்தில் கரையேற்றி உட்காரவைத்து ஒட்டுப்போட முடிந்தது அந்த அடிப்பாகத்தால்தான். குக்கின் அடுத்த பயணங்களின் கப்பல்களும் விட்பியில் கட்டியவையே. அவர் போய் இறங்கிய கரைகளில் இருந்த மக்களுக்கு அதற்குப் பிறகு நேர்ந்தது வேறு கதை. மேற்குக் குன்றில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அவர் சிலையின் கீழ் அதை எதிர்பார்க்க முடியாது.

சிலைக்குப் பக்கத்தில் திமிங்கலத் தாடை எலும்பு வளைவு. 1753 முதல் 1837 வரை இந்த ஊர் திமிங்கல வேட்டையில் சம்பாதித்தது. இப்போதுள்ள எலும்பு அலாஸ்காவிலிருந்து 2003இல் வந்தது. வளைவுக்குள் மடமும் தேவாலயமும் தெரிகிற மாதிரி எல்லாரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுப்பீர்கள்.

அதைவிட என் மனசுக்கு நெருக்கமானது, கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் ஆர்.என்.எல்.ஐ. என்ற தொண்டு அமைப்பின் உயிர்காப்புப் படகு அருங்காட்சியகம். நுழைவு இலவசம், உண்டியலில் ஏதாவது போடுங்கள். 1861 பிப்ரவரியில் ஒரே நாளில் பல கப்பல்களுக்கு உதவப் போன 13 பேரில் 12 பேர் மூழ்கிப் போனார்கள். பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமன் ஒருவர்தான். புதுமாதிரியான தக்கை அங்கியை அன்று அவர் மட்டும் போட்டிருந்தார். 1914 அக்டோபர் 30 அன்று ரொஹில்லா என்ற மருத்துவக் கப்பல் ஊருக்குக் கிழக்கே சால்ட்விக் பாறையில் ஏறியது. 229 பேர். கரையிலிருந்து பார்க்கும் தூரம்தான், ஆனாலும் மூன்று நாள் மீட்க முடியாமல் 80க்கும் மேற்பட்டோர் கண்முன்னே இறந்தார்கள். கடைசியில் டைன்மவுத்திலிருந்து வந்த மோட்டார் படகுதான் மிச்சமிருந்த 50 பேரைக் காப்பாற்றியது. துடுப்புப் படகின் காலம் முடிகிறது என்பதை எல்லாரும் புரிந்துகொண்ட நாள் அது. ரொஹில்லா பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் கம்பெனியின் கப்பல். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நம் ஆட்களை ஏற்றிப்போன ரஜூலாவும் அதே கம்பெனியினுடையது. உங்கள் வீட்டிலும் யாராவது பெரியவர் அதில் போயிருக்கலாம்.

இப்போது சாப்பாடு. இது உங்களுக்கு முக்கியம், கவனமாகப் படியுங்கள். யார்க்‌ஷரில் மீனையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். அதுதான் ருசி என்று பெருமையாகவே சொல்வார்கள். உருளைக்கிழங்குதானே, சைவம்தானே என்று வாங்கிவிடாதீர்கள். தாவர எண்ணெயில் பொரிக்கிறீர்களா, அதற்குத் தனிச் சட்டி உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். முகம் சுளிக்க மாட்டார்கள், நேராகப் பதில் சொல்வார்கள். மீன் சாப்பிடுகிறவரானாலும் மாடு கூடாது என்றால் சாருக்கும் இதேதான். கேக், பிஸ்கட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1865 முதல் இருக்கும் போதம்ஸ் என்ற பேக்கரியின் இஞ்சிக் கேக் அடர்த்தியாக, செங்கல் மாதிரி இருக்கும். மெலிசாக வெட்டி டீயோடு சாப்பிட வேண்டும்.

வாங்கியதைத் துறைமுகத்தில் நின்று திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாதீர்கள். கடற்பறவைகள் நம் ஊர்க் காக்கை மாதிரி தத்தித் தத்தி அருகில் வந்து கேட்பதில்லை. பின்னாலிருந்து, தலைக்கு மேலாக வரும். என் கையிலிருந்த முழு மீன் துண்டு போனது போன பிறகுதான் தெரிந்தது. சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

சர்ச் தெருவில் கறுப்பாக மின்னும் நகைக்கடைகள் வரிசையாக இருக்கும். அது ஜெட். சுமார் 18 கோடி வருடத்துக்கு முந்திய மரம் மண்ணில் புதைந்து இறுகியது. 1861இல் கணவர் இறந்தபின் விக்டோரியா ராணி துக்கத்துக்கு இதை அணிய, நாடே அணிந்தது, ஊர் பிழைத்தது. கையில் வாங்கிப் பாருங்கள், உண்மையான ஜெட் பிளாஸ்டிக் மாதிரி லேசாக இருக்கும், தொட்டால் சில்லென்று இருக்காது. கனமாக, குளிர்ச்சியாக இருந்தால் கறுப்புக் கண்ணாடி. மெருகிடாத பீங்கானில் உரசினால் ஜெட் பழுப்புக் கோடு போடும், நல்ல கடைக்காரர் கேட்டால் செய்துகாட்டுவார். அதே கடைகளில் நத்தைச் சுருள் போன்ற கல்லும் விற்கும். அம்மோனைட் புதைபடிவம். ஹில்ட் அம்மாள் பாம்புகளைச் சபித்துக் கல்லாக்கினார் என்று கதை. தலை எங்கே என்று கேட்டவர்களுக்காகப் பாம்புத் தலை செதுக்கியே விற்றிருக்கிறார்கள்.

பன்னெட் பூங்காவில் உள்ள பழைய அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு பொருளுக்காக நுழையலாம். மெரிவெதர் என்ற டாக்டர் 1851 லண்டன் கண்காட்சிக்குக் கொண்டுபோன புயல் காட்டும் கருவியின் மறுபடைப்பு. வட்டமாக 12 பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் இரத்தம் உறிஞ்சும் ஓர் அட்டைப்பூச்சி. புயல் வருமுன் அட்டைகள் மேலே ஏறும், ஏறினால் மணி அடிக்கும். பாட்டில்களை வட்டமாக வைத்தது அட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு தனிமையில் வாடாமல் இருக்கவாம்.

நடக்க ஆசையென்றால், வற்றம் தொடங்கியதும் மேற்கு அலைதாங்கிச் சுவரிலிருந்து சாண்ட்ஸெண்ட் என்ற கிராமம் வரை ஈர மணலில் 4 கிலோமீட்டர். கெட்டியான தரை, சாரின் காலுக்கும் நல்லது. அலுத்தால் அங்கிருந்து பஸ்ஸில் திரும்பலாம். கிழக்குப் பக்கம் குன்றுக்கு அடியில் மட்டும் போகாதீர்கள். மேலேயிருந்து பாறை உதிரும், ஏற்றம் வந்தால் திரும்ப வழியிருக்காது. தண்ணீரில் குளிக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள், ஜூலையிலும் கால் மரத்துப்போகும்.

மாலையில் மேற்குக் குன்றுக்கே வந்து உட்காருங்கள். இங்கே கரை வடக்கைப் பார்த்திருப்பதால், ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் சூரியன் கடலில் உதித்துக் கடலிலேயே மறையும். இரவு ஒன்பதரை ஆகிவிடும், பொறுமை வேண்டும். சில நாள் கடல்மூட்டம் ஏறி வந்து பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, அன்று உங்கள் அதிர்ஷ்டம் அவ்வளவுதான்.

திரும்புகிற நாள் காலையில் ஹென்றியெட்டா தெருவில் ஃபார்ச்சூன்ஸ் புகைக்கூடத்துக்குச் சாரை அனுப்புங்கள். 1872 முதல் அதே இடத்தில் ஹெர்ரிங் மீனைப் பிளந்து, உப்புநீரில் ஊறவைத்து, ஓக் மரப் புகையில் தொங்கவிடுகிறார்கள். உள்சுவர் முழுக்கத் தார் பூசியது மாதிரி கறுத்திருக்கும். கருவாடு பிடிக்கும் என்றால் அவருக்கு இதுவும் பிடிக்கும். ஒன்று மட்டும்: மகள் வீட்டுக்கு வாங்கிப்போவதானால் மூன்று பையில் போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். நான் ஒரே பையில் போட்டுக்கொண்டு 840இல் ஏறினேன். மாடி முன் சீட்டு முழுவதும் யார்க் வரை எனக்கே.